சாதகமும் சாதனையும்

ஆனி மாதத்தில் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்குப் போனவர்கள் குறிகட்டுவான் இறங்குதுறையின் நெருக்கடியை நன்கு அறிவர். சோழகம் வீசுங் காலம். கரையிற் கட்டிய படகுகள் ஒன்றோடொன்று இடித்துக் கொண்டு ஆடும். கைக்குழந்தையோடு வருந் தாய்மாரும், நேர்த்திக்கடன் பொருள்களைத் தலையிற் சுமந்தவர்களும், அரிசி மூடையும் வாழைக்குலையும் ஏற்றுபவர்களும் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு நிற்பர். சென்ற ஆண்டு அவ்வாறு நின்ற கூட்டத்தில் நாமும் ஒருவராய் நின்றோம். எமக்கு முன்னே படகில் ஏறியவர் முதிய தவில் வித்துவான் ஒருவர். சிவப்புத் துணியுறை போட்ட தவிலை அவருக்குப் பின்னால் ஒரு பையன் மார்போடு அணைத்துக் கொண்டு ஏறினான். அவன் தோளில் ஓட்டச் சப்பாத்து ஒரு சோடி கயிற்றிலே தொங்கியது. உற்றுப் பார்த்தோம். எமது கல்லூரி மாணவன்! உயரம் பாய்தலிலே வலயப் போட்டியில் வென்று அடுத்த மாதம் மாகாணப் போட்டிக்குப் போக இருப்பவன்.

படகு துறையை விட்டு நீங்கியதும் பாட்டனார் எம்மருகே வந்து அமர்ந்தார்.

"மாஸ்ரர், இவன் விடியப்புறம் எழும்பித் தவில் அடிக்கிறான், பின்னேரம் மைதானத்தைச் சுத்துறான். ரெண்டில ஒண்டை விடச் சொல்லித் தாய் ஒற்றைக் காலில நிற்கிறா. எதை விடுறது எண்டு நீங்கள்தான் சொல்லவேணும்."

பையன் கடலைப் பார்த்தவாறு இருந்தான். ஆனால் காது எங்கள் பக்கமே இருந்தது. உடனே விடை சொல்ல எமக்கு வாய் வரவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. அதைப் பின்னாற் சொல்லுவோம். அக்கேள்வி மட்டும் அன்று தொட்டு எம் உள்ளத்திற் கிடந்து உருண்டு கொண்டிருந்தது. இக்கட்டுரை அதன் பயனே.

முதலில் சொல்லை எடுத்துக் கொள்வோம். இசைவாணர் தம் பயிற்சியைச் 'சாதகம்' என்பர். விளையாட்டு வீரர் எட்டிய உச்சத்தை நாம் 'சாதனை' என்கிறோம். இரண்டும் வடமொழியின் ஒரே வேரிலிருந்து வந்தவை. (பஞ்சாங்கக்காரர் எழுதித் தருஞ் சாதகம் வேறு, அது பிறப்பைக் குறிக்கும் 'ஜாதகம்' என்பதன் திரிபு. பிறந்த வேளையை நம்புபவர்க்கு அது. விடியற்காலையை நம்புபவர்க்கு இது.) துறவிகளும் தம் அன்றாட ஒழுக்கத்தைச் சாதனை என்றே வழங்கினர். ஆகவே நாள்தோறுஞ் செய்யுந் தொழிலுக்குப் பெயராய் இருந்த சொல்லே, ஒருநாள் நிகழுஞ் செயலுக்கும் பெயராயிற்று. பத்திரிகைகள் பின்னதைப் படத்தோடு வெளியிடுகின்றன. முன்னதைக் கண்டவர்கள் வீட்டாரும் அயலவருமே. அயலவர் பெரும்பாலும் நித்திரை கெட்டதற்காகக் கோபித்தவர்கள்.

தவிலும் நாதஸ்வரமும் எங்கள் கோயில்களில் எந்நாளுங் கேட்பவை. ஆதலால் அவற்றின் உழைப்பை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பலாமரத்தைக் குடைந்து செய்த தவிலின் வலப்பக்கத் தோல் இழுத்து விறைப்பேற்றப்பட்டது. அதை வெறும் விரலால் நெடுநேரம் அடித்தால் விரல் பிளந்து போகும். ஆதலால் துணிச்சுருளைப் பசையில் தோய்த்து, உலர்த்தி, கல்லைப்போல் இறுகச் செய்த கூடுகளை விரல்களில் மாட்டிக் கொள்வர். இடக்கையிலே சிறு கம்பு. ஒரு கை விரலாலும் மறு கை கோலாலும் வேறு வேறு தொழில் செய்ய, காலப்பிரமாணம் மயிரிழையும் பிசகாதிருக்க வேண்டும். கச்சேரி மேடையிலே அமர்ந்து வாசிக்கலாம். சுவாமி வெளிவீதி வரும்போதோ அத்தனை பாரத்தையுந் தோளில் மாட்டிக்கொண்டு, நின்றும் நடந்தும், நள்ளிரவு கடந்தும் வாசிக்க வேண்டும். நயினாதீவின் மணலிலே, கடற்காற்று முகத்தில் அறைய, மல்லாரி தொடங்கி சுவாமி இருப்பிடஞ் சேரும்வரை ஒரு குழுவினர் நிற்பதை எண்ணிப் பாருங்கள். அதுவும் ஓரிரவன்று, கொடியேற்றம் முதல் தீர்த்தம் வரை இரவுக்கிரவு.

நாதஸ்வரக்காரர் பாடு இதனினுங் குறைந்ததன்று. ஆச்சாமரத்துக் குழலிலே விரல்மூடுந் துளைகள் ஏழே. இராகத்தின் நுண்ணிய அசைவுகளை எல்லாம் அவர் உதட்டாலும் மூச்சாலுமே பிறப்பிக்க வேண்டும். நாணலிற் செய்த சீவாளியை உதடு சற்றே கூடுதலாய் அழுத்தினும் சுருதி விலகிவிடும். மூச்சை அடிவயிற்றிலிருந்து எடுத்துச் சிக்கனமாய்ச் செலவிடக் கற்றுக் கொள்ளப் பல ஆண்டுகள் ஆகும். நெடுந்தூர ஓட்டக்காரனுக்கு அவன் பயிற்றுநர் முதன்முதற் சொல்லிக் கொடுப்பதும் இதையே அன்றோ? பழைய பாடகர்கள் விடியற்காலையிற் குளத்தில் இறங்கிக் கழுத்தளவு நீரில் நின்று சாதகஞ் செய்தனர் என்று கேட்டிருக்கிறோம். நீரின் அழுத்தத்தை எதிர்த்து நெஞ்சை விரித்து மூச்செடுத்துப் பழகுவதும் ஒருவகைத் தேகப்பயிற்சியே.

இவ்வுவமை வெறும் அலங்காரமன்று என்பதற்கு மேனாட்டிலே சான்று கிடைத்தது. 2008 ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் சிச்செஸ்ரர், குளொஸ்ரர்ஷயர் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள், 'புளொண்டி' என்னும் இசைக்குழுவில் முரசொலித்த கிளெம் பேர்க் என்பவரின் உடம்பிற் கருவிகளைப் பொருத்தி அவர் இதயத் துடிப்பை அளந்தனர். கச்சேரி நடந்த நேரத்தில் அது சராசரி நிமிடத்துக்கு 140 முதல் 150 வரையும், உச்சத்தில் 190 வரையுஞ் சென்றதாம். தேர்ந்த உதைபந்தாட்டக்காரரின் துடிப்புக்கு இது ஒப்பானது என்று அவர்கள் முடிபு கூறினர். அவர் ஆசனத்தில் அமர்ந்து வாசித்தவர். எங்கள் தவில் வித்துவான்களின் நெஞ்சிலும் ஒருநாள் அக்கருவியைப் பொருத்திப் பார்க்க மாட்டார்களா என்று நாம் எண்ணுவதுண்டு.

யாழ்ப்பாணத்து வி. தெட்சணாமூர்த்தியின் பெயரை அறியாத இசையன்பர் இலர். 1933 இற் பிறந்து 1975 இல் மறைந்தவர். தந்தையார் விசுவலிங்கமும் தவில் வித்துவானே. ஆகையால் தொட்டிலிலேயே சொற்கட்டுக் கேட்டிருப்பார். தமிழகத்து நாதஸ்வர மேதைகள் அவரைத் தம் பக்கத்தில் நிறுத்தி வாசிக்க விரும்பினர். கடல் கடந்து அங்கே சென்று, தவில் பிறந்து வளர்ந்த தஞ்சைத் தரணியிலேயே புகழ்நாட்டினார். அவரைப் 'பிறவி மேதை' என்று சொல்லிவிட்டு நாம் எழுந்து போய்விடுகிறோம். பிறவி மேதை என்ற அச்சொல்லிலே ஓர் அநீதி உண்டு. அது அவருடைய விடியற்காலைகளை எல்லாம் களவாடிக் கொள்கிறது.

இனி மைதானத்துக்கு வருவோம். பெரியவிளானிற் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிற் படித்த நா. எதிர்வீரசிங்கம், 1952 இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் உயரம் பாய்ந்தபோது அவருக்குப் பதினெட்டு வயது நிறையவில்லை. 1956 இல் மெல்பேண் சென்றார். இருமுறையும் பதக்கம் இல்லை. 1958 இல் ரோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியிலே 2.03 மீற்றர், அதாவது 6 அடி 8 அங்குலம், பாய்ந்து தங்கம் வென்றார். ஆசியப் போட்டிகளில் இலங்கை பெற்ற முதலாவது தங்கம் அதுவே. 1962 இல் ஜகார்த்தாவில் வெள்ளி பெற்றார். பின்னாளிற் கல்வித்துறையிற் கலாநிதியாகி, பல நாடுகளிற் பணிபுரிந்து, 2024 இல் மறைந்தார். அவர் இளமையிற் பழகிய காலத்தில் இன்றுள்ள பஞ்சு மெத்தை கிடையாது. பாய்ந்தவன் மணற்குழியிலேயே விழவேண்டும். ஆகவே பாயக் கற்குமுன் விழக் கற்க வேண்டியிருந்தது. எங்கள் மாணவர் சிலருக்கு இன்றும் அதே நிலைதான். மெத்தை வரும் என்று எழுதிய கடிதங்களின் பிரதிகள் மட்டும் எம்மிடம் உள.

அந்த ஹெல்சிங்கி மைதானத்திலேதான் செக்கோசிலோவாக்கியரான எமில் சாற்றோபெக் 5,000 மீற்றர், 10,000 மீற்றர், மரதன் ஆகிய மூன்றையும் வென்றார். அவருடைய பயிற்சி முறை அக்காலத்திற் பலருக்கு வேடிக்கையாயிருந்தது. 400 மீற்றரை விரைந்து ஓடுவார், பின் மெல்ல ஓடி இளைப்பாறுவார், மீண்டும் விரைவார். இவ்வாறே ஒருநாளிற் பலப்பல தடவை. இதைப் படித்தபோது எமக்கு நம் வீட்டுத் திண்ணைச் சங்கீதமே நினைவில் வந்தது. மாயாமாளவகௌளையிலே சரளிவரிசையை முதலாங் காலத்தில் மெதுவாகவும், பின் இரட்டித்தும், பின் அதனினும் இரட்டித்தும் பாடச் செய்து, மீண்டும் முதலாங் காலத்துக்குக் கொண்டுவரும் முறை சாற்றோபெக்குக்கு நூற்றாண்டுகள் முந்தியது. விரைவில் மறைந்து போகும் பிழை மெதுவிலே வெளிப்படும். மெதுவில் ஒளிந்திருக்குஞ் சோர்வு விரைவிலே வெளிப்படும். இரண்டையும் மாறி மாறிச் செய்பவனே தன்னை அறிவான். சங்கீத வாத்தியாரும் மைதானத்து வாத்தியாரும் ஒருவர் பாடத்தை மற்றவர் அறியாமலே கற்பித்து வந்திருக்கின்றனர்.

தீவகத்தார்க்கு உரிய இன்னொரு பயிற்சிக்களம் கடல். எங்கள் தீவுகளைச் சூழ்ந்துள்ள இதே பாக்கு நீரிணையை 1954 இல் தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறை வி. எஸ். குமார் ஆனந்தன் 1971 இல் இந்தியக் கரைக்குச் சென்று நில்லாது திரும்பி நீந்தி, 51 மணித்தியாலத்திற் கரை சேர்ந்தார். 'ஆழிக்குமரன்' என்று மக்கள் அழைத்த அவர், 1984 இல் ஆங்கிலக் கால்வாயை நீந்த முனைந்தபோது உயிர் நீத்தார். படகிற் போகும் இருபது நிமிடத்துக்கே நாம் பாதுகாப்பு அங்கியை இறுகக் கட்டிக் கொண்டு அம்மனை அழைக்கிறோம். இரண்டு பகலும் இரண்டு இரவும் அந்நீரிற் கைபோட்டவரை என்னென்று சொல்வது!

கூத்தையும் இங்கே மறத்தலாகாது. ஊர்காவற்றுறைப் பகுதிக் கத்தோலிக்க மக்களிடையே வழங்கும் நாட்டுக்கூத்து, பாட்டும் ஆட்டமும் ஓருடம்பில் ஒன்றாய் நிகழுங் கலை. ஆடியவாறே பாடவேண்டும். மூச்சு இரைத்தாற் பாட்டுப் போயிற்று. மூச்சைப் பேணினால் ஆட்டந் தளர்ந்தது. பகலெல்லாங் கடலில் வலை இழுத்தவர்கள் இரவிலே அண்ணாவியார் முன் மாதக்கணக்கிற் பழகி, வெள்ளுடுப்பு ஆடி, அதன் பின்னரே அரங்கேறுவர். 'ஆடுதல்' என்ற ஒரே சொல்லாற் பந்தாடுதலையுங் கூத்தாடுதலையுந் தமிழர் குறித்தது இதை அறிந்துதான் போலும். பண்டைய கிரேக்கரும் அறிந்திருந்தனர். தெல்பியில் நடந்த அவர்களுடைய பைதியன் விழா முதலில் இசைப்போட்டியாய் இருந்து பின் ஓட்டமும் மல்யுத்தமுஞ் சேர்ந்தது. நவீன ஒலிம்பிக்கிற்கூட 1912 முதல் 1948 வரை இசைக்குப் பதக்கம் வழங்கினர். ஏன் கைவிட்டனரோ! அளவுநாடா பிடிக்க முடியாத இடத்திற் பதக்கம் கொடுப்பது கடினம் என்பது எம் எண்ணம்.

இங்கேதான் இரண்டும் பிரிகின்றன. பாய்ந்தவன் கோலைத் தட்டினானா இல்லையா என்பதைச் சிறுபிள்ளையுஞ் சொல்லும். தோடி நன்றாயிருந்ததா என்பதற்கு நூறுபேர் நூறு விடை கூறுவர். வீரனுடைய உடம்பு முப்பதை அண்மியதும் அவனுக்கு விடைகொடுக்கத் தொடங்கும். வித்துவானுடைய கையோ அப்போதுதான் பேசத் தொடங்கும். ஆதலால் இரண்டும் முற்றிலும் ஒன்றே என்று மேடைப் பேச்சாளர் போல நாம் சொல்லத் துணியோம். ஆனால் பொழுது விடியுமுன் எழுந்து, தூக்கக் கலக்கத்தோடு, நேற்றுச் செய்த அதே செயலை இன்று சிறிது திருத்தமாய்ச் செய்ய அமரும் அந்த ஒரு நாழிகையிலே இருவருக்கும் வேற்றுமை இல்லை.

பயிற்சி என்றால் ஓயாமல் உழைப்பதே என்று எண்ணும் பெற்றோர்க்கு இன்னொன்றுஞ் சொல்ல வேண்டும். ஆண்டர்ஸ் எரிக்சன் என்ற உளவியலறிஞரும் அவர் தோழரும் பேர்லின் இசைக் கல்லூரியில் வயலின் மாணவரை ஆராய்ந்து 1993 இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். சிறந்த மாணவர் இருபது வயதளவிற் சராசரி 10,000 மணித்தியாலத்துக்கு மேற் பயின்றிருந்தனர் என்ற செய்தி உலகெங்கும் பரவிற்று. அது சராசரிக் கணக்கே. அதைத் தொட்டால் மேதையாவோம் என்ற வரம்பன்று. பலர் படியாது விட்ட பகுதி வேறொன்று. அச்சிறந்த மாணவர் ஒரே இருப்பில் ஒன்றரை மணித்தியாலத்துக்கு அதிகம் பயில்வதில்லை, இடையில் ஓய்வெடுத்தனர், பிற்பகலிற் கண்ணயர்ந்தனர், நாளொன்றுக்குச் சராசரி எட்டரை மணித்தியாலத்துக்கு மேல் உறங்கினர். மற்றை மாணவர் அவர்களிலுங் குறைவாகவே உறங்கினர்! உடம்பு மைதானத்திற் கற்றதைப் படுக்கையிலேதான் மனனஞ் செய்கிறது. எம் பிள்ளைகளோ விடியற்காலை ஒரு வகுப்பு, கல்லூரி, மாலை இன்னொரு தனியார் வகுப்பு என்று ஓடி, நெடுந்தீவு போன்ற இடங்களிற் படகு நேரத்தையும் பார்த்து, எஞ்சிய நேரத்திற் கண்மூடுகின்றனர். பரீட்சை நெருங்கியதும் வீட்டிலே முதற் பலியாவது பாட்டு, அடுத்தது விளையாட்டு. மூன்றாவதாகத் தூக்கம். கைத்தொலைபேசியை மட்டும் ஒருவருந் தொடுவதில்லை.

இனி, படகில் எமக்கு வாய் வராத காரணம்.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் எம்மிடம் ஒரு மாணவன் படித்தான். போரினாலே தீவை விட்டு நீங்கி, பல ஊர்களில் அலைந்து, பின் மீண்டு வந்து குடியேறிய நாதஸ்வரக் குடும்பம். அத்தனை இடப்பெயர்விலும் அவர்கள் கைவிடாது கொண்டு திரிந்தது குழல் ஒன்றையே என்று அவன் தாயார் சொல்லக் கேட்டிருக்கிறோம். க.பொ.த. உயர்தரப் பரீட்சை வந்தது. தந்தையார் எம்மிடம் ஆலோசனை கேட்டார். நாம் தயங்காமற் சொன்னோம்: "இரண்டு வருடம் குழலைப் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். சோதனை முடிந்தபின் எடுக்கலாம்." நல்ல ஆசிரியனுக்குரிய அறிவுரை என்றே அன்று கருதினோம். பையன் சித்தியெய்தினான், பல்கலைக்கழகஞ் சென்றான், கொழும்பிலே உத்தியோகம் பெற்றான். சில ஆண்டுகளுக்கு முன் ஊர்த்திருவிழாவுக்கு வந்தவனைக் கண்டு, "தம்பி, இன்றைக்கு நீயும் சேர்ந்து வாசிக்கலாமே" என்றோம். அவன் சிரித்தான்.

"உதடு மறந்துபோச்சு, சேர்."

குறைகூறும் எண்ணம் அவன் குரலில் இல்லை. இருந்திருந்தால் எமக்குச் சற்று ஆறுதலாய் இருந்திருக்கும்.

படகு நயினாதீவை அணுகியது. கோபுரந் தெரிந்ததும் பெண்கள் கைகூப்பினர். முதியவர் இன்னும் எம் முகத்தையே பார்த்துக் கொண்டிருந்தார். எதை விடலாம் என்பதற்கு எம்மிடம் விடை இல்லை என்று உண்மையைச் சொன்னோம். அதற்குப் பதிலாக ஒரு கேள்வி கேட்டோம்: "பெரியவர், இவன் எத்தனை மணிக்குப் படுக்கிறான்?"

அவர் திகைத்தார். பையன்தான் விடை சொன்னான். பன்னிரண்டரை, சில நாள் ஒரு மணி, எழுவது நாலரை. எட்டரை எங்கே, நான்கு எங்கே! கரையில் இறங்கியபின், மடத்துத் திண்ணையில் இருந்து மூவருமாய் ஒரு கணக்குப் போட்டோம். திருவிழா நாட்களில் மைதானம் வேண்டாம். தோளில் தவிலோடு நிற்பதே காலுக்குப் போதிய வேலை. திருவிழா முடிந்தபின் மாகாணப் போட்டிவரை காலைச் சாதகம் ஒரு மணித்தியாலம் மட்டும். இரவுச் சேவகத்துக்குப் பாட்டனார் வேறொருவரை அழைத்துக் கொள்வார். தனியார் வகுப்பில் ஒன்றை நிறுத்துவதற்குத் தாயிடம் பேசும் பொறுப்பு எம்முடையதாயிற்று. முதியவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, "சேவகத்துக்கு ஆள் பிடிக்கலாம். ஆனா காலமை ஒரு மணித்தியாலத்தில ஒரு நிமிசம் குறையக்கூடாது" என்றார். பையன் தலையாட்டினான்.

அன்றிரவு சுவாமி வெளிவீதி வந்தபோது அவன் பாட்டனாருக்கு இடப்புறம் நின்று வாசித்தான். இரண்டு இடங்களிற் கை தடுமாறியது. முதியவர் அவனைத் திரும்பிப் பாராமலே தன் கம்பைச் சற்று ஓங்கித் தட்டிக் காலத்தைக் காட்டினார். பையன் பிடித்துக் கொண்டான். மறுநாட் காலை முதற் படகுக்கு நாம் துறைக்கு வந்தபோது அவர்கள் முன்னரே ஏறி அமர்ந்திருந்தனர். தவிலைப் பாட்டனார் தம் மடியில் வைத்திருந்தார். பையன் சப்பாத்துச் சோடியைத் தலைக்கு வைத்துக் கொண்டு பலகையிலே நல்ல உறக்கத்திற் கிடந்தான். நாம் ஏதோ பேச வாயெடுத்தோம். முதியவர் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்.